குழலுக்கு ஏத்த தோட்டா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பங்காளி மகன் தன் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கையில் பெரிய கவர். கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து என் மனைவி தட்டம் எடுக்க உள்ளே போய்விட்டாள். பிரித்தால் ஓட்டை ஓட்டையாகச் சுட்ட டார்கெட் அட்டைகள். மாப்பிள்ளை, பெண் யாரும் இல்லை.

பையனுக்கு 22 வயது. எம்.காம். படிக்கிறான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் என்று பஸ் மாறிப் போய்ச் சுட்டுவிட்டு வருவான். 50 மீட்டர் பிஸ்டல். ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான் போட முடியும். சுட்டபின் திறந்து, காலிக் கூட்டை எடுத்துவிட்டு, அடுத்ததை விரலால் வைக்க வேண்டும். கிளப்புக்குச் சொந்தமான பழைய பிஸ்டல் அது. 600க்கு 530 வரை அடித்துக்கொண்டிருந்தவன் நாலு மாதமாக 512, 515 என்று இறங்கிவிட்டான்.

“பேரல் தேஞ்சு போச்சுன்னு சொல்லீட்டாங்க பெரியப்பா. சொந்தமா வெளிநாட்டுப் பிஸ்டல் வாங்கினாத்தான் இனி மேல போக முடியும்கறாங்க. தோப்பை ரெண்டு வருசத்துக்குக் குத்தகைக்கு விட்டு மொத்தமாப் பணம் வாங்கிறலாம்னு இருக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா...”

அவன் தோப்பு எனக்குத் தெரியும். வேர்வாடல் நோய் வந்து ஒரு வரிசை மரத்தை முழுக்க வெட்டியாகிவிட்டது. மிச்சம் இருப்பதில்தான் வீடு நடக்கிறது. அதையும் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு வருடம் என்ன செய்வான்?

அட்டைகளை மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பழைய அட்டைகளில் ஓட்டைகள் கொஞ்சம் இடது பக்கம் கீழே சாய்ந்து, ஒரு கொத்தாக இருந்தன. அது கையின் குறை, எல்லாருக்கும் இருப்பதுதான். புது அட்டைகளில் கொத்தே இல்லை. மேலே ஒன்று, கீழே இரண்டு, வலது ஓரம் ஒன்று. கை கெட்டால் ஒரு பக்கமாகக் கெடும். நாலு பக்கமும் சிதறினால் நான் முதலில் கையைச் சந்தேகப்பட மாட்டேன்.

“தோட்டா மாறுச்சா சாமி?”

“இல்லீங்க அப்பாரு. அதே கம்பெனி, அதே டப்பா.”

“டப்பாமேல ஒரு நம்பர் அடிச்சிருக்குமே, அது?”

பையன் அப்பனைப் பார்த்தான். அப்பன் என்னைப் பார்த்தான். நாலு வருடமாகச் சுடுகிற பையனுக்கு அந்த நம்பரைப் பற்றி ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான்.

என்னைப் பற்றிப் புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு ஒரு வரி. பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியின் டூல்ரூமில் முப்பத்தியொரு வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரான ஆனைமலைக்குத் திரும்பியவன் நான். வேலையில் இருந்தபோது பதினைந்து வருடம் போலக் கோவையில் பிஸ்டல் சுட்டேன். பெரிய பதக்கம் எதுவும் இல்லை. மாவட்ட அளவில் கிடைத்த ஒரு கோப்பையில் இப்போது என் மனைவி ஊசி, நூல் போட்டு வைத்திருக்கிறாள்.

டூல்ரூமில் வேலை பார்த்தவனுக்கு ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறியிருக்கும். ஒரே டிரில், ஒரே மெஷின், ஒரே ஆள். அடுத்தடுத்துப் போட்ட இரண்டு ஓட்டைகள் ஒரே அளவாக இருக்காது. மைக்ரோமீட்டரில் தெரியாவிட்டாலும் ஏர் கேஜில் தெரியும். துப்பாக்கிக் குழலும் ஓர் ஓட்டைதான். அதற்குள் திருகலாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். தோட்டா உட்காரும் அறை, அந்தப் பள்ளங்கள் தொடங்கும் இடம், குழலின் உள்விட்டம், வாயின் விளிம்பு என்று ஒவ்வொன்றிலும் நூலிழை வித்தியாசம் இருக்கும். சுடும்போது குழல் வீணைத் தந்தி மாதிரி அதிரவும் செய்யும். குண்டு வாயை விட்டு வெளியே போகும் நொடியில் அந்த அதிர்வு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் போகும். ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் போனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் போய் விழும். வேகம் முன்பின்னானால் சிதறும். ஆகவே ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு பிஸ்டல்களுக்குப் பிடிக்கிற தோட்டா வேறு வேறாக இருக்கும். ஒரு வீட்டில் ஒரே தாய் பெற்ற இரண்டு பிள்ளைகளில் ஒன்று கம்பஞ்சோறு தின்னும், இன்னொன்று மூக்கைச் சுளிக்குமே, அது மாதிரி.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய கூட்டமே உண்டு. 1967இல் தாம்ஸன் சென்டர் கம்பெனி கன்டெண்டர் என்று ஒரு பிஸ்டலை வெளியிட்டது. ஒரே ஒரு தோட்டா போடுகிற பிஸ்டல். முன்பிடியைக் கழற்றி, ஓர் ஆணியைத் தட்டி எடுத்தால் குழல் கையோடு வந்துவிடும். அதே பிடியில் வேறு அளவுக் குழலை மாட்டிக்கொள்ளலாம். கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கிடா என்று இரும்புத் தகட்டில் வெட்டி 50, 100, 150, 200 மீட்டரில் நிறுத்திச் சுட்டு விழவைக்கிற போட்டி மெக்ஸிகோவிலிருந்து அங்கே பரவியபோது, இந்தப் பிஸ்டலுக்குப் பெரிய கிராக்கி வந்தது. அதில் சுடுகிறவர்களில் பலர் கடைத் தோட்டாவை நம்பி இருக்கவில்லை. சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு வைத்து, மருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகி, தங்கள் குழலுக்கென்று தாங்களே தோட்டா கட்டினார்கள்.

ஒற்றைத் தோட்டாப் பிஸ்டலுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மேகஸின் உள்ள துப்பாக்கியில் தோட்டா மேகஸினுக்குள் அடங்கும் நீளத்தில்தான் இருக்க வேண்டும். இதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. குண்டைக் கொஞ்சம் வெளியே நீட்டி வைத்து, அந்தக் குழலின் பள்ளம் தொடங்கும் இடத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோகலாம். தையல்காரர் உடம்பை அளந்து சட்டை தைக்கிற மாதிரி. ரெடிமேட் சட்டையும் போட்டுக்கொள்ளலாம்தான்.

இது கன்டெண்டர்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. நூறு வருடத்துக்கும் முன்னால் ஹாரி போப் என்று ஒரு குழல் செய்கிற மேஸ்திரி அங்கே இருந்தார். அவர் செய்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களில் குண்டை வாய்ப்பக்கமாக அழுத்தி இறக்குவார்கள். மருந்து போட்ட கூட்டைப் பின்பக்கமாக வைப்பார்கள். ஒரே பித்தளைக் கூட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் போட்டி சுடுவார்களாம். கூடு மாறினால்கூட குண்டு விழும் இடம் மாறும் என்ற பயம்! ஃபிராங்க்லின் மான் என்கிற டாக்டர் குண்டு ஏன் கோணலாகப் போகிறது என்று பல வருடம் சோதித்துப் பார்த்து 1909இல் ஒரு புத்தகமே போட்டார். வைத்தியம் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் அன்றைக்கு நான் கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிவிட்டேன் போல. பையன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. “அப்பாரு, அப்ப நாமளே கட்டிக்கலாங்களா? வீடியோவுல எல்லாம் காட்டறாங்க.”

அந்த இடத்தில்தான் நான் எங்கய்யன் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

சேத்துமடை ரோட்டில் எங்களுக்கு நாலு ஏக்கர் கடலைக்காடு இருந்தது. ராத்திரியில் காட்டுப்பன்னி இறங்கினால் காலையில் உழுத காடு மாதிரி கிடக்கும். எங்கய்யன் பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கி ஓர் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். வாய்வழியாக மருந்து கொட்டி, தேங்காய் நார் வைத்துக் கம்பியால் இடித்து, ரவை போட்டு, மறுபடி நார் வைத்து இடித்து, கடைசியில் கேப்பு மாட்டுகிற துப்பாக்கி. முக்கால்வாசி நாள் வெறும் சத்தத்துக்குத்தான். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்த பிறகு ரசீதைக் காட்டி வாங்கி வருவார். அந்தக் காலத்தில் தேர்தல் எப்போது என்று பன்னிகளுக்கும் தெரியும் என்று சொல்லிச் சிரிப்பார்.

மருந்து அளக்க மூங்கிலில் சின்னதாக ஒரு படி செய்து வைத்திருந்தார். உள்ளே கத்தியால் கீறிய இரண்டு கோடுகள். வெயில் காலத்துக்கு ஒன்று, ஐப்பசி மழைக்கு ஒன்று. அந்தப் படியை யாருக்கும் கொடுக்க மாட்டார். “இது என்ற துப்பாக்கிக்கு அளந்தது. உன்ற துப்பாக்கிக்கு நீ அளந்துக்கோ” என்பார். பள்ளிக்கூடத்தைத் தாண்டாத மனுஷன். போப்பும் மானும் சொன்ன விஷயம் அவருக்கு மூங்கில் படியில் தெரிந்திருந்தது.

பக்கத்துக் காட்டுக்காரர் ஒருத்தர், பேர் வேண்டாம், இந்த அளவெல்லாம் பார்க்காமல் உள்ளங்கையில் கொட்டிப் போடுகிறவர். ஒரு மழை ராத்திரி கேப்பு வெடித்தது, மருந்து பிடிக்கவில்லை. அவசரத்தில் உள்ளே இருந்ததை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு தடவை கெட்டித்துவிட்டார். இரண்டாவது கேப்புக்கு எல்லாம் சேர்ந்து பிடித்தது. குழல் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்துவிட்டது. இடது கையில் கட்டை விரலும் அடுத்த விரலும் போயின. அவரை மாட்டுவண்டியில் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விளக்குப் பிடித்துக்கொண்டு கூட ஓடியவன் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

இதைச் சொல்லிவிட்டு, “வீட்டுல மருந்து வேண்டாம் சாமி” என்றேன்.

சட்டமும் இருக்கிறது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் படித்தால் தெரியும். சுடுவதற்கு லைசென்ஸ் வேறு, தயாரிப்பதற்கு லைசென்ஸ் வேறு. ஆனால் சட்டத்துக்காக மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் மேஜைமேல் தோட்டா கட்டுகிறவன் எத்தனையோ வருடப் பழக்கத்தோடும், அச்சடித்த அளவுப் புத்தகத்தோடும், நல்ல தராசோடும் கட்டுகிறான். அப்படியும் அங்கே குழல் வெடித்த கதைகள் இல்லாமல் இல்லை. தன் குழலுக்குக் கட்டிய தோட்டாவை அடுத்தவன் குழலில் போடக்கூடாது என்று டப்பாமேல் எழுதி வைக்கிறான். ஒரு குழல் தாங்குகிற அழுத்தத்தை இன்னொன்று தாங்காது. நம் பக்கத்தில் மருந்தைப் பற்றிய கைப்பழக்கம் எங்கே போய் முடிந்திருக்கிறது? அவுட்டுக்காயில். கோவை வனப்பகுதியில் அதைக் கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் செத்த யானைகளின் செய்தியை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். பன்னிக்கு வைத்தேன் என்பார்கள்.

அது போகட்டும். பையன் சுடுகிற பிஸ்டலுக்கு அவன் ஆசைப்பட்டாலும் தோட்டா கட்ட முடியாது. அது .22 ரிம்ஃபயர். மற்றத் தோட்டாக்களில் கேப்பு அடிப்பக்கத்தின் நடுவில் தனியாக இருக்கும். சுட்டபின் தள்ளி எடுத்துவிட்டுப் புதியது வைக்கலாம். இதில் தனிக் கேப்பே இல்லை. அந்த வெடிக்கிற பொருளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசியிருப்பார்கள். ஊசி விளிம்பில் அடித்து நசுக்கினதும் வெடிக்கும். ஒரு தடவை நசுங்கினது நசுங்கினதுதான். ஃபாக்டரியில் எப்படிக் கட்டினார்களோ அப்படியே சுட வேண்டும். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலில் அப்படி இல்லை. வெளிநாட்டில் அதற்குத் தாங்களே கட்டுகிறவர்கள் உண்டு. 50 மீட்டரில் அதற்கு இடமே கிடையாது.

அப்படியானால் குழலுக்கு ஏற்றபடி தோட்டாவை அமைப்பது எப்படி? அமைக்க முடியாது. தேட வேண்டும்.

ஃபாக்டரியில் ஒரே பெயரில், ஒரே டப்பாவில் வந்தாலும், தோட்டாவை லாட் லாட்டாகத்தான் செய்வார்கள். ஒரு லாட் முடிந்து அடுத்தது தொடங்கும்போது பித்தளைத் தகடு மாறியிருக்கும், மருந்தின் கலவை மூட்டை மாறியிருக்கும், டை தேய்ந்து புதியது மாட்டியிருப்பார்கள். டூல்ரூம்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். நல்ல கம்பெனிகள் இதை ஒளிப்பதில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் லாட் நம்பரை அடித்துத்தான் அனுப்புகிறார்கள். ஈலி கம்பெனி பிர்மிங்ஹாம் பக்கத்திலும், லாபுவா ஜெர்மனியில் ஷோனபெக்கிலும் இதற்கென்றே சோதனைக் கூடம் வைத்திருக்கின்றன. ஆட்டக்காரர் தன் துப்பாக்கியைக் கொண்டுபோனால் இறுகப் பிடிக்கும் சட்டத்தில் குழலைப் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டு, எது இறுக்கமான கொத்தாக விழுகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். அவர் அந்த நம்பரில் எத்தனை டப்பா கிடைக்குமோ அத்தனையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். பெரிய ஆட்டக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. நம்மைப் போன்ற கிளப்புகளில்தான் இந்த விஷயம் மேலே இருந்து கீழே இறங்கி வருவதே இல்லை.

இதில் எவ்வளவு வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மீட்டர் பிஸ்டல் அட்டையில் பத்து வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் சுமார் 5.6. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், நடுவிலிருந்து ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பத்து கிடைக்கும். இப்போது பிஸ்டலைச் சட்டத்தில் பூட்டிச் சுட்டாலே ஒரு லாட் 45 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிதறுகிறது என்று வையுங்கள். நடுவிலிருந்து 22, 23 அங்கேயே செலவாகிவிட்டது. பையனின் கை தப்பு செய்ய மிச்சம் 5 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டரில் கொத்தாக விழுகிற லாட் என்றால் கைக்கு 18 மில்லிமீட்டர் மிஞ்சும். ஒரே கை, ஒரே பிஸ்டல். ஒன்றில் பத்து, இன்னொன்றில் ஒன்பதோ எட்டோ.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் மெலன்டியெவ் இதே ஆட்டத்தில் 581 அடித்தார். அது 34 வருடம் உடைபடாமல் இருந்தது. 2014இல் கிரனாடாவில் நடந்த உலகப் போட்டியில் கொரியாவின் ஜின் ஜாங்-ஓ 583 அடித்து அதைத் தாண்டினார். வித்தியாசம் இரண்டே புள்ளி. அதே போட்டியில்தான் நம் ஜித்து ராய் வெள்ளி வாங்கினார். 2018இல் ஓம் பிரகாஷ் மிதர்வால் தங்கமே வாங்கினார். ரியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து இந்த ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். அதைப் பற்றித் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கோச்சுகள் இதைப் பற்றிப் பேசாததற்கு ஒரு காரணம் உண்டு. 450, 480 அடிக்கிற பையனுக்குக் கை நடுக்கமே கை அகலத்துக்கு இருக்கும். அவனிடம் லாட் நம்பர் என்று சொன்னால், தப்பு செய்யும் ஒவ்வொரு முறையும் தோட்டாமேல் பழி போடுவான். “மொதல்ல கையைச் சரி பண்ணு” என்று அவனுக்குச் சொல்வது சரிதான். 530க்கு வந்தவனிடமும் அதையே சொல்வதைத்தான் நான் குறை சொல்கிறேன். அவனிடம் கை, மனசு, மூச்சு என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டு, கடைசியில் பிஸ்டலை மாற்று என்கிறோம். ஒரு டப்பா மாற்றிப் பார்க்க சில நூறு ரூபாய் ஆகும். பிஸ்டலை மாற்ற ஒரு குடும்பம் தோப்பைக் குத்தகைக்கு விட வேண்டியிருக்கிறது. இதில் எதை முதலில் செய்வது?

‘பேரல் தேஞ்சு போச்சு’ என்பதும் எனக்கு எளிதில் நம்ப முடியாத பேச்சு. .22 குண்டு வெறும் ஈயம். வேகமும் குறைவு. நல்ல எஃகுக் குழலைத் தேய்க்க அது பல்லாயிரக்கணக்கில் சுட வேண்டும். சுடுவதால் கெட்ட குழலைவிட, வாய்ப்பக்கமிருந்து கம்பியை விட்டு முரட்டுத்தனமாகத் துடைத்துக் கெடுத்த குழல்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை நானும் அவர்களோடு கோவைக்குப் போனேன். வயது 73. இரண்டு பஸ். முழங்காலுக்கு நல்ல தண்டனை. தொண்ணூறுகளில் நான் ஒரு பழைய மெஷின் வைஸில் அலுமினியத் தாடை போட்டு, குழலைக் காயம் படாமல் பிடிக்கிற மாதிரி ஒரு சட்டம் செய்து கொடுத்திருந்தேன். அது ஸ்டோர் ரூமில் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துரு நீக்கி, கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்கினோம். ரேஞ்ச் பொறுப்பாளர் கூடவே நின்றார். காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டோம். பத்து மணிக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்பிவிட்டால் எந்தச் சோதனையும் பிரயோஜனம் இல்லை.

மூன்று லாட் கிடைத்தது. நாலு மாதமாகப் பையன் சுடுகிற புது லாட் ஒன்று. இன்னொரு மூத்த உறுப்பினர் பீரோவில் அரை டப்பா மிச்சம் வைத்திருந்த பழைய லாட். பிறகு வேறு கம்பெனித் தோட்டா ஒரு டப்பா. ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக இரண்டு கொத்து. ஒரு லாட் முடிந்து அடுத்தது போடும்போது குழலைத் துடைத்து, முதல் இருபது தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டோம். குண்டின்மேல் பூசிய மெழுகு கம்பெனிக்குக் கம்பெனி வேறு; புது மெழுகு குழல் முழுக்கப் படிந்து பழகும்வரை அது ஒழுங்காகச் சுடாது. இது தெரியாமல் அஞ்சு தோட்டா சுட்டுவிட்டு “இது சரியில்லை” என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. பழைய லாட் அரை டப்பாதான் என்பதால் அதற்கு மட்டும் ஐந்தோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தைக் கொத்துக்கு வைத்துக்கொண்டோம். முதலிலேயே குழல் அந்தக் கம்பெனி மெழுகில்தான் இருந்தது.

புது லாட்: 43, 46 மில்லிமீட்டர். பழைய லாட்: 23, 21. வேறு கம்பெனி: 31, 27.

‘தேய்ந்துபோன’ குழல் 21 மில்லிமீட்டரில் பத்துத் தோட்டாவை வைத்தது. பையன் அந்த அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் அப்பன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் வீட்டுக்குப் போன் போட்டான்.

இதற்காக யாரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. வாங்குகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்குகிறார்கள். வந்த டப்பாக்களை எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதில் எந்த லாட் எந்தப் பிஸ்டலுக்குப் போகிறது என்று பார்ப்பதில்லை. பார்த்தால் ஒரு நோட்டுப்புத்தகமும் ஒரு நாள் காலையும்தான் செலவு. கிளப்பில் இருக்கிற ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு பக்கம். புதிதாக எந்த லாட் வந்தாலும் பிரிப்பதற்கு முன் ஒரு டப்பாவை எடுத்து எல்லாப் பிஸ்டலிலும் சட்டத்தில் பூட்டிச் சுட்டு, அளந்து எழுதி வைப்பது. ஒரு பிஸ்டல் வெறுக்கிற லாட்டை இன்னொரு பிஸ்டல் விரும்பும். வீணாகாது, ஆள் மாற்றிக் கொடுத்தால் போதும். ஒரு பிஸ்டலுக்கு ரொம்ப நன்றாக ஒத்துப்போன லாட்டில் ஒரு டப்பாவைப் பிரிக்காமல் பூட்டி வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் சந்தேகம் வரும்போது குழலா தோட்டாவா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மொத்தமாக வரவழைக்கிற சங்கங்கள், எந்த நம்பர் வருகிறது என்று கிளப்புகளுக்கு முன்கூட்டியே சொல்லி, ஒரு கிளப்புக்குப் போகும் பெட்டியில் நாலு லாட்டைக் கலக்காமல் அனுப்பலாம். இதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. ஏர் பிஸ்டல் சுடுகிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பெல்லட் டப்பாவில் 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருப்பதை அவர்களில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

மேஜைமேல் தோட்டா கட்டுகிறவன் செய்கிற வேலையில் ஆபத்தான பாதி மருந்தைத் தொடுவது. மற்றப் பாதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, சுட்டுப் பார்ப்பது, எழுதி வைப்பது. அந்த இரண்டாவது பாதிக்கு லைசென்ஸ் தேவையில்லை. எங்கய்யன் மூங்கிலில் கீறிய கோடும் அதுதான்.

கிளப்பில் நான் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். “பண்ணலாமுங்க சார்” என்றார்கள். பார்க்கலாம். பெஞ்சுமேல் அந்தச் சட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மறுபடி நாற்காலிக்கு அடியில் போகாமல் இருந்தால் சரி.

பழைய லாட் எங்கும் கிடைக்கவில்லை. பையன் இப்போது அந்த வேறு கம்பெனித் தோட்டாவில் சுடுகிறான். போன வாரம் 526. ஓட்டைகள் மறுபடி இடது பக்கம் கீழே கொத்தாக விழுகின்றன. பிடியை அழுத்தும்போது சுண்டுவிரலையும் சேர்த்து இறுக்குகிறான் என்று தோன்றுகிறது. அது கையின் குறை, திருத்திக்கொள்ளலாம். தோப்பைக் குத்தகைக்கு விடும் பேச்சு தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

எங்கய்யன் காலமானபின் அந்தத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டோம். மூங்கில் படி மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. பையன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் கோடு இரண்டையும் நகத்தால் தடவிக்கொண்டே கேட்டான்: “மழைக்கோடு எதுங்க அப்பாரு?”

எனக்கே மறந்துபோச்சு.